தானாக அடங்கும் வரை

தெஹியோவிட்ட,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள இலட்சுமிக்கு,

நல்லையா எழுதிக்கொள்வது. எடுத்த எடுப்பில் நலம் என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. எனக்கும் ஷாமிளாவுக்கும் உடம்பில் நோய் நொடி இல்லை, அவ்வளவுதான். உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை நீ அங்கிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் என்ன நடக்கிறது? கஜேந்திரனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்கிறாய். நான் இல்லை என்கிறேன். நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு இடமே கிடைப்பதில்லை. எஹலியகொட றமீலா லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்ப வெளிநாடு போகிறாளாம். நீ வேலை செய்யும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தானே அவள் இருக்கிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்ன சிப்பையும் கொடுத்தனுப்புகிறேன். சிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தாலும் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. வீடு என்று ஒன்று இல்லாவிட்டாலும் செய்தி இருக்கிறது. கார்த்திகை மழையில் மலை சரிந்து நம் லயத்தை மூடியதிலிருந்து பிள்ளைமடுவத்தில்தான் இருக்கிறோம். நீ ரப்பர் பால் வெட்டப் போகும்போது, கைக்குழந்தைகளாக இருந்த கஜேந்திரனையும் ஷாமிளாவையும் விட்டுவிட்டுப் போன அதே மடுவம்தான். சேலையையும் தார்ப்பாயையும் குறுக்கே கட்டி நாலு குடும்பம் இருக்கிறோம். சுவரில் குழந்தைகளுக்காக வரைந்த யானையும் கிளியும் இன்னும் அழியவில்லை. யானைப் பக்கம் நமக்கு. புது வீடு கட்ட இடம் பார்த்தாயிற்று என்று ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள். போர்டைச் சுற்றிப் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.

ஷாமிளா பள்ளிக்கூடம் போகிறாள். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று டீச்சர் சொல்கிறார், நான் கண்ணால் காணவில்லை. அண்ணன் டவுன் கடையில் மறந்து விட்டுப்போன மழைக்கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள். முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. வெயில் அடிக்குது, கழற்று என்றால் முறைக்கிறாள். அந்த முறைப்பு உன்னுடையது. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

நீ சொன்னபடி ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தேன். அவிசாவளை, கேகாலை, இரத்தினபுரி என்று எதையும் விடவில்லை. பேர் தெரியாத நோயாளி, நினைவு தப்பிய நோயாளி என்று யாராவது இருக்கிறார்களா என்று வாட்டு வாட்டாகக் கேட்டேன். மாஸ்டரின் மகன் கேதீசன் கூட வந்தான். கஜேந்திரனோடு கிட்டாரும் கையுமாகச் சுற்றுவானே, அவன்தான். இப்போது கொழும்பில் படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான். கேகாலையில் ஒருத்தரைக் காட்டினார்கள். வயதான சிங்கள மனுசன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரையும் யாரோ எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆமிக்காரர்கள் பொங்கலுக்கு முன்பே மண் தோண்டுகிற பெக்கோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இதை உன்னிடம் நான் சரியாகச் சொல்லவில்லை. இன்னும் தோண்டுகிறார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் நினைக்க விட்டேன். போகும்போது அவர்களில் ஒரு பொடியன், நம் மகன் வயதுதான் இருக்கும், என்னிடம் வந்து, மாமே, மேலே மலை இன்னும் அசைகிறது, இனித் தோண்டினால் எங்களில் இன்னும் நாலு பேர் போவோம் என்று சிங்களத்தில் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். கடைசியில் நான்தான் அவன் முதுகைத் தடவி விட்டேன்.

சுமித்ராவின் ஆடு நன்றாக இருக்கிறது. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும். மலை சரிந்த அன்று எல்லோரும் வெளியே ஓடிய பிறகு, அதை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் நம் பிள்ளை லயத்து வீடுகள் பக்கம் திரும்பிப் போனான். கயிற்றை அவிழ்த்தும் விட்டிருக்கிறான். அது ஓடி வந்துவிட்டது, அவன் வரவில்லை. இப்போது மடுவத்து வாசலிலேயே நின்று பலா இலை தின்கிறது. அதன் மூஞ்சியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விற்றுவிடட்டுமா அண்ணே என்று சுமித்ரா அழுதுகொண்டு கேட்டாள். வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். அவன் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

இனி சிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ரப்பர் ஸ்டோரில் வேலை நேரத்தில் கேட்க நான் வைத்திருக்கும் சின்ன ரேடியோ உனக்குத் தெரியும். அதற்குள் போடும் சிப்பில் முருகன் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் கஜேந்திரன்தான் ஏற்றிக் கொடுத்தான். போன வருடம் ஒரு நாள் புகைக்கூடத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், முருகன் பாட்டு முடிந்தது. அடுத்ததாக ஒரு சத்தம் வந்தது. கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டு போனால் ஊளையிடுமே, அந்தச் சத்தம். பிறகு ஒரு பெரிய உறுமல். பிறகு ஒருத்தன் கத்துகிறான். பாட்டு இல்லை, கத்தல். ரேடியோ போய்விட்டது என்று நினைத்து ரெண்டு தட்டுத் தட்டினேன். இன்னும் கத்தினான்.

சாயங்காலம் மகனிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். அது கெட்டுப் போகலப்பா, அது அப்படித்தான் என்றான். அமெரிக்காவில் சதுப்பும் மழையும் கொசுவுமாக இருக்கிற ஏதோ ஊர்க்காரர்களாம். இவன் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பு போட்ட ஆல்பமாம். அந்த மாதிரிப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்களாம். பெயரும் சொன்னான், என் வாயில் நுழையவில்லை. அந்த வகைச் சங்கீதத்துக்கு ஸ்லட்ஜ் என்று பெயராம். ஸ்டோரில் பால் தொட்டியின் அடியில் தங்குகிற கசடை நாங்கள் சொல்கிற அதே வார்த்தை. தொட்டி கழுவுகிறவனுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும், இதில் ஆல்பம் வேறு போடுகிறார்களா என்று நான் கிண்டல் பண்ணினேன்.

நீயும் ஒரு தடவை போனில் கேட்டிருக்கிறாய். பக்கத்தில் மாவு மில் ஓடுதா, நிறுத்தச் சொல்லுங்க என்று சத்தம் போட்டாய். அன்று அவன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மற்றப் பாட்டெல்லாம் இருக்க இதில் அப்படி என்னடா இருக்கு என்று ஒரு நாள் கேட்டேன். சொன்னான்: இதுல யாரும் நல்லா இருக்கோம்னு பொய் சொல்லலப்பா. இருபது வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? நான் அப்போது வேறு ஏதோ வேலை சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

அவன் சாமான் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. மழைக்கோட்டும் இந்த ஆல்பமும்தான் மிச்சம். அதனால் ஸ்டோரில் தினமும் அதைப் போடத் தொடங்கினேன். முதலில் பிடிவாதத்துக்குத்தான் கேட்டேன். பிள்ளை எதைக் கேட்டானோ அதைக் கேட்போம் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் இலட்சுமி, கேட்கக் கேட்க எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. நீ சிரித்தாலும் சரி.

அதன் மெதுவைச் சொல்ல வேண்டும். மேளக்காரன் ஒரு அடி அடிப்பான். அடுத்த அடி வராது. சரி, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் வரும். கிட்டார்க் கம்பிகளைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டு வாசிக்கிறார்களாம், கேதீசன் சொன்னான். அதனால்தான் அந்த உறுமல். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவனுக்கு இது புரியும். நெருப்பை அவசரப்படுத்தினால் ஷீட் கொப்புளம் போட்டுவிடும். வெள்ளை ஷீட் தேன் நிறத்துக்கு வர நாட்கணக்கில் ஆகும், நாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த ஆட்களும் ஒரே இடத்தில் இருந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இப்போது அதுதான் வேண்டியிருக்கிறது. மற்ற எல்லாரும் என்னை நகரச் சொல்கிறார்கள்.

இரண்டாவது பாட்டில் திடீரென்று வேகம் பிடிப்பார்கள். அப்பாடா என்று இருக்கும். பத்து மூச்சு ஓடவில்லை, திரும்பவும் பழைய மெதுவுக்கே தடாலென்று விழுந்துவிடுவார்கள். நாலாவது பாட்டின் நடுவில் உறுமல் எல்லாம் நின்று ஒரு கிட்டார் மட்டும் தனியாக, சுத்தமாக, கொஞ்ச நேரம் கேட்கும். அந்த இடம் வரும்போது நான் விறகைக்கூடத் தள்ளமாட்டேன். கத்துகிறவன் என்ன சொல்கிறான் என்று கேதீசனிடம் கேட்டேன். தம்பி செத்துப்போனதைப் பற்றியும் வேலையைப் பற்றியும் சொல்றான் அங்கிள், பாதி எனக்கும் விளங்காது என்றான். விளங்க வேண்டியதில்லை. உன் தங்கை செத்த அன்று நீ கத்தினாயே, அதில் எந்த வார்த்தை எனக்கு விளங்கியது?

கடைசிப் பாட்டு மிக நீளம். அதன் முடிவில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் சத்தம் நிற்காது. கிட்டாரை அப்படியே ஸ்பீக்கருக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். அது தனியாக முனகிக்கொண்டே இருக்கும். போன வருடம் ஒரு நாள், முடிந்துவிட்டது என்று நினைத்து நான் ரேடியோவை நிறுத்திவிட்டேன். கஜேந்திரன் பாய்ந்து வந்தான். இன்னும் முடியலப்பா, அது தானா அடங்கணும் என்று என்னிடம் சண்டை பிடித்தான். நம் பிள்ளை என்னிடம் சண்டை பிடித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மனசைத் திடப்படுத்திக்கொள்.

அவன் போட்டோவுக்கு மாலை போடக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது, தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணக்கூடாது, சாவுத் தப்பு அடிக்கக்கூடாது, உடம்பைக் கண்ணால் காணாமல் என் பிள்ளையைச் செத்தவன் ஆக்கினால் நான் உங்கள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று நீ சொன்னாய். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை மீறவில்லை. நம் லயத்தில் போன மற்றவர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எடுத்த ஒவ்வொருவருக்கும் அழகமுத்து தப்பு அடித்தான். தோட்டம் வேலையை நிறுத்தியது. நமக்கு மட்டும் அடிக்கவில்லை. யாரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன புதன்கிழமை காலையில் கேதீசன் வந்தான். நான் அந்தப் பாட்டைக் கேட்கிறேன் என்று அவனுக்குச் சந்தோசம். இதை இந்தக் குட்டி ரேடியோவில கேக்கக்கூடாது அங்கிள், சத்தமா வச்சுக் கேக்கோணும், நெஞ்சில இடிக்கோணும் என்றான். தானும் கஜேந்திரனும் கிட்டார் அடிக்க வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பொக்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மடுவத்து வாசலில் வைத்தோம். எதிரே நம் லயம் இருந்த இடம். முன்பென்றால் மரங்கள் மறைக்கும், சத்தம் அந்தப் பக்கம் போகாது. இப்போதுதான் எதுவும் இல்லையே, வெறும் செம்மண். சத்தம் நேரே பள்ளத்தைத் தாண்டி அடுத்த மலைக்குப் போயிருக்கிறது. அங்கே பால் வெட்டு நடந்துகொண்டிருந்தது.

தூரத்தில் கிட்டாரும் கத்தலும் கேட்கவில்லையாம். மேளம் மட்டும் கேட்டிருக்கிறது. ஒரு அடி. பிறகு இடைவெளி. பிறகு ஒரு அடி. சாவுச் செய்தி சொல்ல முதலில் எப்படி அடிப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

கஜேந்திரனை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள், இலட்சுமி.

பாதி வெட்டிய மரத்தை அப்படியே விட்டுவிட்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த ஆம்பிளைகள் மண்வெட்டியோடு வந்தார்கள், குழி வெட்ட வேண்டுமே என்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் கேதீசனும் ஒன்றும் புரியாமல் எழுந்து நிற்கிறோம். தோட்டமே மலையேறி வருகிறது. முன்னால் அழகமுத்து, தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க. நான் இருக்கையில எவன்டா அடிக்கிறது என்று கோபமாகத்தான் வந்தான். ஸ்பீக்கரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

எந்த எடத்துல அண்ணே தம்பிய எடுத்தாங்க என்று கேட்டாள் சுமித்ரா. அவள் கையில் கோடித் துணி. புதுசு, மடிப்புக் கலையாதது. அதைப் பார்த்துத்தான் எனக்கு நடந்தது புரிந்தது. நினைத்துப் பார். மலையிலிருந்து கடைக்குப் போய் வாங்கி வர அவளுக்கு நேரமேது? எப்போதோ வாங்கி வைத்ததை ஓடி வரும் வழியில் எடுத்து வந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அவள் மட்டும் இல்லை. இன்னும் நாலைந்து பேர் கையில் துணி இருந்தது. ஒருத்தர் பையில் சாம்பிராணி. எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள், நம்மிடம் காட்டிக்கொள்ளவில்லை.

எடுக்கவில்லை, இது அவன் கேட்கிற பாட்டு என்றேன். ஒருத்தர்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தரும் வேலைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. அப்படியே வாசலில், செம்மண்ணில், உட்கார்ந்துவிட்டார்கள். கேதீசன் பாட்டை நிறுத்தப் போனான். ஓடட்டும் தம்பி என்று சுமித்ரா சொன்னாள். கத்துகிறவன் கத்தக் கத்த ஒரு கிழவி மெல்ல மாரில் அடித்துக்கொண்டு தொடங்கினாள். பிறகு மற்றவர்களும். நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பேன், சொல்.

அழகமுத்து பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினான். அடிக்கவா அண்ணே என்று என்னைப் பார்த்தான். வேணாம், அவன் அம்மா வேணாம்னு சொல்லியிருக்கு என்றேன். சரி என்று தப்பை மடியில் வைத்துக்கொண்டான். கடைசிப் பாட்டு முழுக்க அவன் கண் அந்த ஸ்பீக்கர் மேலேயே இருந்தது. இது எந்த ஊரு அடிண்ணே என்று மெதுவாகக் கேட்டான். அமெரிக்கா என்றேன். அங்கேயும் அவ்வளவு சாவா என்றான்.

எல்லோரும் வாசித்து நிறுத்தினார்கள். கிட்டார் மட்டும் முனகத் தொடங்கியது. அவ்வளவு பேரும் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அடங்குவதற்கு முன்பே ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. டக்கென்று நின்றது. அதற்குப் பிறகு கீழே ஆற்றின் சத்தம்தான்.

எழுந்து போகும்போது சுமித்ரா அந்தக் கோடித் துணியை யானைப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். செத்தவனுக்கென்று கொண்டு வந்த துணியைத் திருப்பி வீட்டுக்குள் எடுத்துப் போக முடியாதே. அவள் மேல் குற்றமில்லை. மற்றவர்களும் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று வெட்டிய பால் முழுக்கச் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிட்டது.

நான் சத்தியத்தை மீறவில்லை. மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை, தப்பு அடிக்கவில்லை. ஆனால் நடக்க வேண்டியது நடந்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது. துணி இங்கேயே இருக்கிறது. நான் தொடவில்லை. ஷாமிளா அதைச் சுற்றி நடக்கிறாள். விரித்தால் காரியம் பண்ணின மாதிரிதான், நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய். விரிக்காமல் இப்படியே வைத்துக்கொண்டு இருக்கவும் எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் அந்தச் செம்மண்ணைப் பார்த்துத்தான் பல் விளக்குகிறேன். உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று உனக்குக் குறி கேட்டுச் சொன்னவர்கள் வாயில் நல்ல வார்த்தை வந்தது, அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் ஒன்று செய். சிப்பை றமீலாவின் போனில் போட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் தூங்கும் மத்தியான நேரத்தில், காதில் மாட்டிக் கேள். முதல் தடவை உனக்குத் தலையிடி வரும். பரவாயில்லை. நாலாவது பாட்டின் நடுவில் அந்தச் சுத்தமான இடம் வரும்போது அவனை நினைத்துக்கொள். கடைசியில் முனகல் தொடங்கும்போது நிறுத்திவிடாதே. நான் ஸ்டோரில் எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அது அடங்குவதற்கு முன்பே என் கை போய் நிறுத்திவிடுகிறது. அதன் முடிவை நான் இன்னும் கேட்கவில்லை. நீ அவனைப் பெற்றவள். உன்னால் முடியும்.

அது தானாக அடங்கின பிறகு எனக்குப் போன் எடு. துணியை விரி என்று உன் வாயால் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லச் சொல்லி நான் உன்னை வதைக்க மாட்டேன். கேட்டேன் என்று மட்டும் சொல். நான் புரிந்துகொள்வேன். உன்னாலும் முடியாமல் போனால் அதையும் சொல்லாதே, வெள்ளிக்கிழமை வழக்கம்போல என்னைக் கேள், நான் வழக்கம்போல இல்லை என்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் அழாதே. முருகன் உன்னையாவது முழுசாக எங்களிடம் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்,
நல்லையா

பின்குறிப்பு: முருகன் பாட்டெல்லாம் முடிந்த பிறகுதான் அது வரும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருக்காதே. அது அப்படித்தான்.